வண்டி மேலே, வேலை கீழே: பழைய செங்கல் வளைவுப் பாலங்களைப் பழுதுபார்ப்பது

கடலூர் மாவட்டத்தில் ரயிலுக்கு மலைக்குகை கிடையாது. ஆனாலும் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதைக் குகை ஒன்றின் உள்பூச்சுக்கு என்னென்ன நோய் வருமோ, அவை எல்லாம் நம் பக்கத்து ஓடைகளையும் வாய்க்கால்களையும் தாண்டக் கட்டிய பழைய செங்கல் வளைவுப் பாலங்களுக்கும் வரும். நீர்க்கசிவு, காரை கரைதல், செங்கல் உதிர்தல், விரிசல் என்று வரிசை ஒன்றுதான். வைத்தியமும் பெரும்பாலும் ஒன்றுதான். பாலத்தைப் பூட்டிவிட்டு வேலை பார்க்க முடியாது என்பதும் இரண்டுக்கும் பொது.

விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை போகும் பாதை 1870களின் பிற்பகுதியில் மீட்டர் கேஜாகப் போடப்பட்டது. புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879இல். புதுச்சேரிக் கிளை 2004இலும், மயிலாடுதுறை வரையான பாதை 2010இலும் அகலப்பாதையாகின. மின்மயமும் ஆகிவிட்டது. ஆனால் இந்தத் தடங்கள் ஒற்றைப் பாதைதான். ஒரு பாலத்தில் கை வைத்தால் வண்டியைத் திருப்பிவிட பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் இல்லை. அந்தக் காலத்து வளைவு எங்கே எஞ்சியிருந்தாலும், அதன் மேல் வண்டி ஓட ஓடத்தான் கீழே வேலை நடக்க வேண்டும்.

மீட்டர் கேஜுக்குக் கட்டியது அகலப்பாதை வண்டியைத் தாங்குமா என்று பலரும் கேட்பார்கள். சரக்கு வேகனின் அச்சுப் பளு இப்போது பொதுவாக 22.9 டன் வரை போகிறது. மீட்டர் கேஜில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் செங்கல் வளைவின் சுமையில் பெரும்பங்கு அதன் சொந்த எடையும் மேலே நிரப்பிய மண்ணும்தான். வளைவின் உச்சிக்கும் சிலிப்பர் அடிக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் மண்ணும் ஜல்லியும் இருந்தால் சக்கரத்தின் அடி பரவி, மெத்தென்று இறங்கும். அபட்மென்ட் (வளைவின் இரு முனைகளையும் தாங்கும் கரையோரச் சுவர்) நகராமலும் காரை கெடாமலும் இருக்கும் வரை இந்தப் பாலங்கள் பளுவைப் பொருட்படுத்துவதில்லை. கடலூர் போன்ற உப்பங்கழி ஊரில் இன்னொரு நன்மையும் உண்டு. இதற்குள் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. கரையை அகலப்படுத்தும்போது ஓரத்தில் ஒட்டுப்போட்ட கான்கிரீட் சிலாபில் கம்பி ஊதி, அதை மூடியிருக்கும் கான்கிரீட் கவர் உதிர்ந்து கிடக்கும்போது, பக்கத்திலேயே இருக்கும் பழைய செங்கல் வளைவு நன்றாக நிற்பதுண்டு. அதனால் பழசு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வளைவை இடிக்கக் கூடாது. இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்பதை விரிசல்தான் சொல்லும்.

தண்டவாளத்தின் போக்கிலேயே, ஸ்பாண்ட்ரல் சுவரின் (வளைவுக்கு மேலே இரு ஓரங்களிலும் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர்) உள்முகத்துக்குக் கீழே நீளமாக ஓடும் விரிசல் அடிக்கடி வரும். சுவர் விறைப்பாக நிற்க, நடுப்பகுதி மட்டும் வண்டிக்கு வண்டி அசைவதால் இரண்டும் பிரிகின்றன. இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு பழுதுபார்த்தால் போதும். பழைய வளைவும் புதிய ஒட்டும் சேரும் இடத்தில் வரும் பிளவும் பெரும்பாலும் இந்த வகைதான்: பழைய அஸ்திவாரம் எப்போதோ உட்கார்ந்து முடித்தது, புதியது பின்னால் உட்கார்ந்தது. தண்டவாளத்துக்குக் குறுக்கே, உச்சியில் வரும் விரிசல் அப்படியல்ல. அபட்மென்ட் வெளியே தள்ளிப்போயிருக்கலாம் என்று அர்த்தம். வளைவு தொடங்கும் மூலையிலிருந்து உச்சியை நோக்கிச் சாய்வாக ஏறும் விரிசல் என்றால் அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்குகிறது. இந்த இரண்டையும் பார்த்தால் காரை பூசி மூடாமல் முதலில் வேகக் கட்டுப்பாடு போட வேண்டும்.

விரிசல் வளர்கிறதா என்று பார்க்க அதன் குறுக்கே, நகர்ந்தால் உடைந்து காட்டும் டெல்-டேல் வைப்பார்கள். 10 முதல் 20 மில்லிமீட்டர் அகலம், 4, 5 மில்லிமீட்டர் கனத்தில் சிமென்ட் பட்டை அல்லது ஒரு கண்ணாடித் துண்டு, பக்கத்தில் தேதி. இதில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றே: தூசியும் பாசியும் படிந்த செங்கல் மேல் அப்படியே ஒட்டிவிடுவது. பட்டை உடையாமல் ஒரு பக்கம் கழன்று நிற்கும், பார்ப்பவர் ‘விரிசல் நகரவில்லை’ என்று ஏட்டில் எழுதிவிடுவார். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, நனைத்து, அதற்குப் பிறகுதான் ஒட்ட வேண்டும். பார்க்கும்போது நகத்தால் இரண்டு முனைகளையும் தட்டிப் பார்ப்பது நல்லது.

சுத்தியலால் தட்டிப் பார்ப்பதற்கு ஈடான சோதனை இன்னும் வரவில்லை. நல்ல செங்கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே செங்கல் அடுக்கு வளையம் பிரிந்திருந்தால் ஒலி மந்தமாக அமுங்கிவிடும். மொத்தெனக் கேட்ட இடங்களை எல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே போனால், கடைசியில் கிரவுட்டிங் (சிமென்ட் குழம்பை அழுத்தி உள்ளே செலுத்துவது) எங்கே வேண்டும் என்ற வரைபடம் வளைவின் மேலேயே கிடைத்துவிடும். ஒரு சரக்கு வண்டி மேலே போகும்போது கீழே ஓரமாக நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இணைப்புகளிலிருந்து சுண்ணாம்புப் பொடி கொட்டினால் காரை செத்துவிட்டது. ஈரமான விரிசலின் ஓரம் வண்டிக்கு வண்டி நீரை உறிஞ்சித் துப்பினால் அந்த விரிசல் உயிரோடிருக்கிறது.

வேலையில் முதல் கை நீரின் மேல் விழ வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பட்டியலில் கிரவுட்டிங்தான் பெரிய உருப்படியாகத் தெரியும், ஒப்பந்தக்காரரும் அதிலிருந்துதான் தொடங்கப் பார்ப்பார். ஆனால் மேலே தேங்கும் நீருக்கு வழி விடாமல் கீழே விரிசலை அடைத்தால், அடுத்த ஐப்பசி கார்த்திகையில் அந்த நீர் பக்கத்திலேயே புதுவழி தேடும். சுண்ணாம்புக் காரை கெடுவதே இந்தக் கசிவால்தான். வளைவின் அடியில் வெள்ளையாகப் பூத்து நிற்பதும் சிறு ஊசிகளாகத் தொங்குவதும் உள்ளிருந்து கரைந்து வந்த சுண்ணாம்புதான்.

ஆகவே மேலே ஜல்லியைச் சலித்து மண்ணைப் பிரிக்க வேண்டும். தடத்தை உயர்த்தி உயர்த்தி ஜல்லி அளவுக்கு மீறிக் குவிந்திருந்தால் அதைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் அந்த அழுத்தம்தான் ஸ்பாண்ட்ரல் சுவரை வெளியே பிதுங்க வைக்கிறது. கீழே அடைபட்ட வீப் ஹோல்களை, அதாவது நீர் வடியும் துளைகளை, குத்தித் திறக்க வேண்டும். புதிதாகப் போடுவதானால் வளைவு தொடங்கும் பகுதிக்குச் சற்று மேலே, நிரப்பு மண்ணில் நீர் தங்கும் பள்ளத்தைப் பார்த்துத் துளையிட வேண்டும். உச்சியில் துளையிடக் கூடாது. சுவர்களில் 100 மில்லிமீட்டர் குழாய், ஒரு மீட்டர் இடைவெளியில், ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக. குழாயின் பின்முனையில் வடிகட்டிச் சரளை இல்லாவிட்டால் நம் பக்கத்து மணல் சத்தமில்லாமல் அதன் வழியே வெளியேறிவிடும். மேலே தண்டவாளம் ஏன் இறங்குகிறது என்று காரணம் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது பாயிண்டிங். செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்பை 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, கழுவி, நிரப்ப வேண்டும். வெறும் சிமென்ட் சாந்தை இறுக்கி அடைப்பது பரவலான பழக்கம். அது பழைய செங்கல்லைவிடக் கடினமாகி, உள்ளே ஈரத்தைச் சிறைபிடித்து, செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துவிடும். சுண்ணாம்பு சேர்த்த மென்மையான சாந்துதான் இந்தக் கட்டுமானத்துக்கு ஏற்றது. ஒரே நாளில் பெரிய பரப்பைச் சுரண்டிப் போடவும் கூடாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இணைப்பு வெறுமையாக இருக்கும் நேரத்தில் செங்கல் நழுவும்.

கிரவுட்டிங்குக்குப் பெரும்பாலும் லைன் பிளாக் (வேலைக்காக வண்டிகளை நிறுத்தும் நேரம்) தேவையில்லை, வேலை முழுக்கக் கீழே என்பதால். விரிசலை ஒட்டியும் மந்த ஒலி கேட்ட பகுதியிலும் 500 முதல் 750 மில்லிமீட்டர் இடைவெளியில், ஒன்றுவிட்டு ஒன்றாக 25 மில்லிமீட்டர் துளைகள், ஆழம் சுமார் 200 மில்லிமீட்டர். அவற்றில் 12 முதல் 20 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய்த் துண்டுகளைக் கொழுத்த சாந்தில் பதித்து, விரிசல் வாயையும் மற்ற இணைப்புகளையும் அடைத்துவிட வேண்டும். முந்தின நாளே துளைகளுக்குள் நீர் விட்டுக் கழுவி நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் கிரவுட்டின் நீரை உடனே குடித்துவிடும், குழம்பு பாதி வழியில் கட்டியாகி நின்றுவிடும். நீர்–சிமென்ட் விகிதம் 0.4 முதல் 0.5. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் நீர் என்றால் ஏறக்குறைய 41 லிட்டர் குழம்பு வரும். இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தால், ஒரு துளை எவ்வளவு குடித்தது என்று மூட்டையை எண்ணியே சொல்லலாம். சுருங்காமலிருக்கச் சேர்மானம் கலப்பது நல்லது.

அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 4 கிலோ, அதற்கு மேல் வேண்டாம். கீழிருந்து மேலாக, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. பக்கத்துத் துளையில் குழம்பு எட்டிப் பார்த்ததும் முதல் துளைக்கு மூடி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு துளை நிறுத்தாமல் மூட்டை மூட்டையாக விழுங்கினால் மகிழக் கூடாது. குழம்பு வளைவைத் தாண்டி மேலே ஜல்லிக்குள் ஏறிக்கொண்டிருக்கலாம். ஜல்லி சிமென்ட் பிடித்து இறுகிவிட்டால், சிலிப்பர் அடியில் ஜல்லியை இறுக்கும் பேக்கிங் செய்யவே முடியாது, நீரும் இறங்காது. இதற்காகவே மேலே தண்டவாள ஓரத்தில் வாக்கி-டாக்கியோடு ஒருவர் நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. சாதாரண சிமென்ட் இறுகத் தொடங்கக் குறைந்தது அரை மணி நேரமாவது ஆகும். எனவே வண்டி போன பின், அடுத்த வண்டிக்கு நீண்ட இடைவெளி இருக்கும் நேரமாகப் பார்த்துச் செலுத்துவதும், அந்த நாட்களில் 20 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு வைத்திருப்பதும் பலன் தரும். பச்சையாக இருக்கும் கிரவுட்டை ஒரு வேகமான எக்ஸ்பிரஸ் குலுக்கிவிட்டால் விரிசலின் இரு முகங்களும் ஒட்டாமலே போகும்.

செங்கல் பரப்பே அரித்துப் போயிருந்தால் கனைட்டிங், அதாவது சாந்தைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சிப் பூசுவது. ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல், 3 மில்லிமீட்டர் கம்பியில் 100 மில்லிமீட்டர் கட்டம் கொண்ட வலை, மொத்தம் 50 மில்லிமீட்டர் கனம். வலையை ஆணியடித்துச் செங்கல்லோடு ஒட்டி நிறுத்தாமல் சற்று விலக்கிப் பிடிக்க வேண்டும். வலை ஆடினால் பூச்சு பின்னால் பொள்ளலாகும். வளைவே பலவீனம் என்றால் உள்பக்கம் கான்கிரீட் உறை போடும் ஜாக்கெட்டிங்: குறைந்தது 150 மில்லிமீட்டர் கான்கிரீட், பழைய சுவருக்குள் 200 மில்லிமீட்டர் இறங்கும் 20 மில்லிமீட்டர் டவல் கம்பிகள், 450 மில்லிமீட்டருக்கு மிகாத இடைவெளியில்.

இங்கேதான் கடலூர்க்காரர்கள் வேறு ஊர் வழக்கத்தை அப்படியே பின்பற்றக் கூடாத இடம் வருகிறது. 3 மீட்டர் அகல வளைவில் இரண்டு பக்கமும் 150 மில்லிமீட்டர் ஜாக்கெட் போட்டால் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். மேலேயும் 150 போகும். குகைக்குள் இப்படிக் குறைந்தால் வண்டிக்கு இடைவெளி போதாது. பாலத்துக்குள் குறைந்தால் வெள்ளத்துக்கு வழி போதாது. பழைய வளைவுக்குள் வட்டக் குழாயைச் செருகி இடைவெளியைக் கிரவுட்டால் நிரப்பும் முறைக்கும் இதே ஆட்சேபம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு எல்லாம் கடலில் சேரும் தாழ்ந்த தட்டை நிலத்தில் ரயில் கரை குறுக்கே ஓடுகிறது. ஒரு சிறு பாலத்தைச் சுருக்கினால் மேற்குப் பக்கத்து வயலிலும் குடியிருப்பிலும் நீர் நிற்கும், கடைசியில் கரையே அறுபடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஜாக்கெட்டிங் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் பாலத்தின் உச்ச வெள்ளக் குறியையும், ஜாக்கெட் போட்ட பிறகு மிஞ்சும் நீர்வழிப் பரப்பையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். போதாது என்றால் மனதைத் தேற்றிக்கொண்டு பாலத்தையே மாற்றுவதுதான் சரி.

மாற்றுவதென்றால் வழக்கமான வழி ரிலீவிங் கர்டர் என்ற தற்காலிக உத்தரம். பழைய அபட்மென்ட்டுக்கு வெளியே இருபுறமும் தற்காலிகத் தாங்கிகள் அமைத்து, அவற்றின் மேல் கர்டரை ஏற்றி, தண்டவாளம் அதன் மேல் போகும்படி செய்துவிட்டால், கீழே நிதானமாக வளைவை அகற்றிப் பெட்டிப் பாலம் கட்டலாம். வண்டி 20 கிலோமீட்டரில் ஊர்ந்து போகும். அகலப்பாதையில் எச்சரிக்கைப் பலகை 1200 மீட்டருக்கு முன்னால் நிற்க வேண்டும். வேலைத்தளத்தைப் பாதுகாக்க வண்டியை நிறுத்த நேர்ந்தால் 600 மீட்டரில், தண்டவாளத்தின் மேல் வைத்து சக்கரம் ஏறினால் வெடிக்கும் எச்சரிக்கைப் பட்டாசு ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் விட்டு மூன்று.

கர்டரை ஏற்றவும் இறக்கவும் பிளாக் வேண்டும். 3 மணி நேர பிளாக் என்று தாளில் இருந்தாலும் கையில் கிடைப்பது இரண்டேகால் மணிதான். கடைசி வண்டி செக்‌ஷனை விட்டுப் போக வேண்டும், 25,000 வோல்ட் மேல்கம்பியில் மின்சாரம் நின்றதற்கு எழுத்தில் உறுதி வர வேண்டும், இருபுறமும் எர்த்திங் ராடு மாட்ட வேண்டும். முடிவில் அத்தனையையும் கழற்றவும் நேரம் வேண்டும். அதனால் கர்டரை முன்கூட்டியே பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தி, ஒருமுறை தரையிலேயே பொருத்திப் பார்த்து, போல்ட்டுகளை எண்ணி, கிரேன் நிற்கும் தரையை இறுக்கி வைத்திருக்க வேண்டும். வயல் ஓரத்துக் களிமண்ணில் கிரேனின் கால் இறங்கினால் அன்றைய பிளாக் அதோடு முடிந்தது. நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் என்றால் அந்தப் பகுதியை முன்பே வெட்டி, 13 மீட்டர் தண்டவாளங்களாக ஃபிஷ் பிளேட் (இணைப்புத் தகடு) போட்டுப் பிரித்துவிட வேண்டும். டிஸ்ட்ரெஸ்ஸிங் வெப்பநிலையைவிட (தண்டவாளத்தை இழுவையோ அழுத்தமோ இல்லாமல் பொருத்திய வெப்பநிலை) 10 டிகிரிக்கு மேல் தண்டவாளம் சூடாகியிருக்கும்போது ஜல்லியைத் திறந்தால் தடம் வளைந்துகொள்ளும். சித்திரை வெயிலில் நண்பகல் பிளாக் வாங்கவே கூடாது.

வளைவை அகற்றும்போது நடக்கும் பெரிய விபத்துக்கு ஒரே காரணம், அது வெறும் பாரமல்ல, தள்ளும் கட்டுமானம் என்பதை மறப்பது. மூன்று கண் வளைவுப் பாலத்தில் இடையிலிருக்கும் தூணான பியர் ஒல்லியாக நிற்பதற்குக் காரணம் இரண்டு பக்கத்து வளைவும் அதைச் சமமாகத் தள்ளுவதுதான். ஒரு கண்ணை மட்டும் உடைத்தால் அடுத்த கண் பியரைச் சாய்த்துக்கொண்டு விழும். எல்லாக் கண்களுக்கும் அடியில் சென்டரிங் கொடுத்து முட்டுப்போட்ட பிறகே உடைக்க வேண்டும். அதற்கும் முன் மேலிருக்கும் நிரப்பு மண்ணை இரு பக்கமும் சமமாக எடுத்து வர வேண்டும். ஒற்றைக் கண் என்றாலும் உச்சியை எடுத்ததும் அபட்மென்ட்டுகளைப் பின்னாலுள்ள மண் உள்ளே தள்ளும். இடையில் ஸ்ட்ரட் (குறுக்கு முட்டு) கொடுக்காமல் அடுத்த வண்டியை விடக் கூடாது.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை ஊற்று. சில அடிகள் தோண்டினாலே நீர். குழியில் நேராக மோட்டாரை இறக்கி இறைத்தால் நுண்மணலும் சேர்ந்து வரும், தற்காலிகத் தாங்கியின் அடியிலிருந்து. மோட்டார் கக்கும் நீர் கலங்கலாக வந்தால் உடனே நிறுத்த வேண்டும். சுற்றிலும் வடிகட்டிக் குழாய் இறக்கி நீர்மட்டத்தைத் தணித்த பின்னரே தோண்டலாம். தாங்கிகளின் லெவலைக் காலையும் மாலையும் எடுத்து எழுத வேண்டும். இறங்கியிருந்தால் எஃகுத் தகடு செருகி உடனே சரிசெய்ய வேண்டும். பெட்டியைத் துண்டுகளாக வார்த்துக் கொண்டுவந்தால் 20 கிலோமீட்டர் கட்டுப்பாடு நீடிக்கும் நாட்கள் வெகுவாகக் குறையும். உப்பங்கழி அருகே M35 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாத கான்கிரீட்டும் தாராளமான கவரும் வேண்டும். பின்பக்கம் 600 மில்லிமீட்டர் கனத்துக்குக் கருங்கல் நிரப்பி, அதற்கப்பால் மண்ணை 150 மில்லிமீட்டர் அடுக்குகளாக இறுக்க வேண்டும். இந்த இறுக்கத்தில் சோம்பினால் பெட்டி அசையாமல் நிற்க, அதன் இருபுறமும் தடம் இறங்கி, ஓட்டுநருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு குலுக்கல் தெரியும்.

கர்டரை எடுத்த பின் வேகத்தை 20, 30, 45, 75 என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் முன் பேக்கிங், லெவல் சோதனை.

கால அட்டவணையைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கர்டர் இறங்கி, ஓடைக்குள் ஒரு சாரக்கட்டை கூட இல்லாமல் இருக்க வேண்டும். அப்படியென்றால் செப்டம்பர் நடுவில் பெட்டி முடிய வேண்டும், ஜூனில் தாங்கிகள் நிற்க வேண்டும், டெண்டர் அதற்கு முந்தைய தையிலேயே முடிந்திருக்க வேண்டும். தென்பெண்ணையோடு தொடர்புள்ள வாய்க்கால் என்றால் கடலூரில் வானம் வெளுத்திருந்தாலும் சாத்தனூர் அணையின் திறப்பு அறிவிப்பைத் தினமும் பார்க்க வேண்டும். உடைத்த செங்கல்லையும் மண்ணையும் ஓடையின் கீழ்ப்பக்கத்தில் விட்டுப்போவது பல வேலைகளில் நடக்கிறது. அது புதிய பாலத்தின் வாயை அடைத்த கதைதான். கடைசி பில் பாஸாகும் முன் இரண்டு பக்கமும் நூறு மீட்டர் நடந்து பார்த்துவிட்டு, அபாய அளவுக் கோட்டையும் நீரோட்ட அம்பையும் புதுச் சுவரில் வரைந்துவிட வேண்டும்.